பீரோ மேல தூங்குற கேம்கார்டர் கேசட்டை கம்ப்யூட்டர்ல ஏத்துறது எப்படி

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடின்னு நம்ம ஏரியா பழைய வீடுங்கள்ல பீரோ மேலயோ லாஃப்ட்லயோ ஒரு பை கண்டிப்பா இருக்கும், உள்ள ஒரு ஹேண்டிகேம், ஒரு சார்ஜர், நாலஞ்சு சின்ன கேசட்டு. மாமா சிங்கப்பூர்லேருந்து எடுத்தாந்ததா இருக்கும், இல்லன்னா பர்மா பஜார்ல பேரம் பேசி வாங்குனதா இருக்கும். அக்காவோட மஞ்சள் நீராட்டு, ராயபுரம் சர்ச் கல்யாணம், தெருமுனை கேரம் டோர்னமெண்ட் ஃபைனல்ஸ், எல்லாம் அந்த கேசட்டுக்குள்ளதான் இருக்கு.

இத ஏத்தணும்னு நெனைக்கிறவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது "எந்த கார்டு வாங்கலாம்?"னுதான். என்னக் கேட்டா கார்டு, அதாவது கேமராவுல ஓடற படத்த கம்ப்யூட்டருக்குள்ள கொண்டு போற கேப்சர் கார்டு, கடைசி கவலை. கேசட்டு நல்லா இருக்கா, அத ஓட்டுற மிஷின் நல்லா இருக்கா, இந்த ரெண்டும்தான் முக்கால்வாசி வேலை. டேப் சரியா ஓடலன்னா எவ்ளோ காஸ்ட்லி கார்டு போட்டாலும் புள்ளி புள்ளியாதான் வரும். கம்ப்யூட்டர்ல செட்டிங் தப்பாச்சுன்னா திரும்ப எடுத்துக்கலாம், டேப் சிக்கிக்கினு கிழிஞ்சா அவ்ளோதான்.

முதல்ல கையில இருக்குறது என்ன கேசட்டுன்னு பாருங்க

பெரிய சைஸ் கருப்பு கேசட்டு, பழைய கல்யாண வீடியோவெல்லாம் வருமே, அது விஎச்எஸ். அதே டேப்பு, ஆனா சின்ன டப்பா, உள்ளங்கைல அடங்குற மாதிரி இருந்தா விஎச்எஸ்-சி. ஆடியோ கேசட்டு சைஸ்ல கொஞ்சம் தடியா இருந்தா 8 எம்எம், அதுல வீடியோ8, ஹை8னு ரெண்டு வகை, லேபிள்லயே போட்டிருக்கும். வீடியோ8 வந்தது 1985-ல, ஹை8 வந்தது 1989-ல. ஹை8 கேமராவுல வீடியோ8 ஓடும், ஆனா வெறும் வீடியோ8 கேமராவுல ஹை8 ரெக்கார்டிங் ஒழுங்கா ஓடாது. இதெல்லாத்தையும் விட குட்டியா தீப்பெட்டிக்கு பெரியண்ணன் மாதிரி ஒண்ணு இருந்தா அது மினி டிவி (MiniDV), அது அனலாக் இல்ல டிஜிட்டல், அதுக்கு ஃபயர்வயர் கேபிள் போட்டு அப்படியே காப்பி எடுக்கணும், கீழ சொல்ற மஞ்சள் ஒயர் வேலையெல்லாம் அதுக்கு தேவையில்ல.

ஒரு குழப்பம் வரும். 1999-ல சோனி டிஜிட்டல்8னு ஒண்ணு விட்டான், அது ஹை8 கேசட்டுலயே டிஜிட்டலா பதிவு பண்ணும். அதனால கேசட்டு மேல ஹை8னு இருக்கு, ஹை8 கேமராவுல போட்டா ஒண்ணுமே வரல, எம்டின்னு தூக்கிப் போட்டுடாதீங்க, அது டிஜிட்டல்8 ரெக்கார்டிங்கா இருக்கலாம்.

அப்புறம், 8 எம்எம் கேசட்டை விசிஆர்ல போட்டு ஓட்ட அடாப்டர் இருக்குன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அப்படி ஒண்ணு கிடையாது. விஎச்எஸ்-சிக்குதான் அடாப்டர் உண்டு, ஏன்னா ரெண்டும் ஒரே அகல டேப்பு. 8 எம்எம் டேப்போட அகலமே வேற, சுத்துற விதமே வேற.

8 எம்எம் கேசட்டு மேல பி5-90ன்னு போட்டிருந்தா பால் (PAL, நம்ம ஊரு டிவி சிஸ்டம்) கேமராவுல 90 நிமிஷம் ஓடும், டேப்ப பாதி வேகத்துல ஓட்டுற எல்பி மோடுல எடுத்திருந்தா அதுவே 3 மணி நேரம். எல்பில எடுத்த டேப்பு வேற கேமராவுல போட்டா அடிக்கடி அடம் புடிக்கும், அதனால எந்த கேமராவுல எடுத்தாங்களோ அது இன்னும் உயிரோட இருந்தா அதுலயே ஓட்டுறதுதான் நல்லது.

ஓட்டுறதுக்கு முன்னாடி டேப்பை பாருங்க, இது ரொம்ப முக்கியம்

கேசட்டு ஜன்னல் வழியா வெளிச்சத்துல சாச்சு புடிச்சு பாருங்க. டேப்பு சுத்தியிருக்குற ஓரத்துல வெள்ளையா பவுடர் தூவுன மாதிரி, இல்ல சிலந்தி வலை மாதிரி திட்டு திட்டா இருந்தா அது பூஞ்சை. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர்னு கடல் ஓரமா இருக்குற நமக்கு இது சகஜம், காத்துல ஈரம் அவ்ளோ. பூஞ்சை புடிச்ச கேசட்டை தெரியாம உள்ள விட்டீங்கன்னா டேப்பை படிக்கிற ஹெட்டு அடைச்சுக்கும், டேப்பு கிழியலாம், அது போதாதுன்னு அடுத்து போடுற நல்ல கேசட்டுலயும் ஒட்டிக்கும். அந்த மாதிரி கேசட்டை தனியா ஒரு கவர்ல போட்டு ஒதுக்கிடுங்க, டேப் கிளீன் பண்ணி தர்றவங்க கிட்ட மட்டும் குடுங்க.

டேப்பு சுத்தமா இருக்குன்னா அடுத்தது, மேல ரெக்கார்ட் ஆகிடாம தடுப்பு போடுங்க. விஎச்எஸ்ல முதுகுப் பக்கம் இருக்குற சின்ன பிளாஸ்டிக்க உடைக்கணும், 8 எம்எம்ல ஒரு குட்டி தள்ளுகட்டை இருக்கும், செவப்பு தெரியுற மாதிரி தள்ளிடணும். கேமரா கையில எடுத்ததும் பசங்க ரெக்கார்ட் பட்டனைத்தான் முதல்ல அமுக்குவாங்க, அதனால இத தள்ளிப்போடாதீங்க.

ரொம்ப வருஷமா ஓடாம இருந்த டேப்பு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு இருக்கும், டென்ஷன் சீரா இருக்காது. அதனால உடனே பிளே பண்ணாம கடைசி வரைக்கும் ஃபார்வர்ட் விட்டு, திரும்ப ஆரம்பம் வரைக்கும் ரீவைண்ட் பண்ணிட்டு அப்புறம் பிளே போடுங்க. ஆனா முதல் முதலா மிஷினை டெஸ்ட் பண்ணும்போது உங்க கல்யாண கேசட்டை போடாதீங்க, போனாலும் பரவால்லன்னு தோணுற ஒரு கேசட்டைப் போட்டு ஓட்டி, வெளிய எடுத்து டேப்புல கோடு விழுந்திருக்கா மடங்கியிருக்கான்னு பாத்துட்டு அப்புறம் நல்ல கேசட்டுக்கு போங்க.

மிஷின்

பழைய பேட்டரிய மறந்துடுங்க, எப்படியும் செத்திருக்கும். ஒரிஜினல் அடாப்டர் இருந்தா நேரா கரண்ட்ல ஓட்டுங்க. அடாப்டர் தொலைஞ்சு போயிருந்தா கேமரா அடில இல்ல பேட்டரி போடுற இடத்துல எத்தனை வோல்ட்டுன்னு எழுதியிருக்கும், அத பாத்து வாங்குங்க, குத்துமதிப்பா எதையாவது சொருகாதீங்க.

ஏசி ரூம்லேருந்து வெளிய எடுத்தாந்த உடனே கேமரா டியூ (DEW)ன்னு காட்டி ஓடமாட்டேன்னு சொன்னா பயப்படாதீங்க, உள்ள ஈரம் படிஞ்சிருக்குன்னு அர்த்தம். கேசட்டு மூடிய தெறந்து ஒரு மணி நேரம் அப்படியே விட்டுடுங்க.

படம் பூரா கொசு மொய்க்கிற மாதிரி வந்தா ஹெட்டு அழுக்கு. இதுல ஒரு சின்ன துப்பு இருக்கு. விஎச்எஸ்ல சவுண்டுக்குன்னு பொதுவா தனியா ஒரு ஹெட்டு, அதனால ஹெட்டு அழுக்கா இருந்தா படம் போகும், சவுண்டு வந்துக்கினே இருக்கும். 8 எம்எம்ல சவுண்டையும் சுத்துற அதே ஹெட்டுதான் படிக்குது, அதனால படம், சவுண்டு ரெண்டும் சேந்து போயிடும். சவுண்டும் வரலயே, டேப்பே அழிஞ்சிடுச்சு போலன்னு முடிவு கட்டாதீங்க, முதல்ல ஹெட்டை சுத்தம் பண்ணிப் பாருங்க. சுத்தம் பண்றதுக்கு 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்தான், சானிடைசர், சென்ட்டு, டெட்டால் எதுவும் கூடாது. காது குடையுற பஞ்சுக் குச்சிய உள்ள விடாதீங்க, பஞ்சு ஹெட்டுல மாட்டி ஹெட்டையே ஒடைச்சிடும். பிசிறு வராத துணிய நனைச்சு, ஹெட்டு இருக்குற உருளை, அதாவது டிரம் மேல லேசா ஒத்தி புடிச்சுக்கினு, டிரம்ம மட்டும் மெதுவா சுத்தணும், மேலயும் கீழயும் தேய்க்கவே கூடாது. கேம்கார்டர்ல அந்த எடம் ரொம்ப இடுக்கு, கை நடுங்குறவங்க இதுல எறங்காதீங்க.

கேமராவே ஆன் ஆகலன்னா? 80-கள் கடைசியிலயும் 90-கள் தொடக்கத்துலயும் வந்த நெறைய கேமராங்கள்ல போர்டு மேல இருக்குற குட்டி கெப்பாசிட்டருங்க ஒழுகி போர்டையே அரிச்சிருக்கும். பழைய விசிஆர் மெக்கானிக்குங்க இன்னும் அங்கங்க இருக்காங்க, ரிச்சி ஸ்ட்ரீட்ல ரெண்டு சந்து நொழைஞ்சு "அண்ணே, ஹேண்டிகேம் பாக்குறவங்க யார்னா இருக்காங்களாண்ணே?"ன்னு கேட்டா கை காட்டி விடுவாங்க. செகண்ட் ஹேண்ட்ல வேற கேமரா வாங்குறதுன்னா கேசட்டு கையில எடுத்துக்கினு போய் அங்கயே ஓட்டிப் பாத்து வாங்குங்க, "ஆன் ஆகுது பாருப்பா"ன்னு லைட்டு எரியறத மட்டும் காட்டுவாங்க, அது பத்தாது. காசு செலவு பண்றதா இருந்தா இங்கதான் பண்ணணும். விசிஆர் தயாரிச்சிக்கினு இருந்த கடைசி கம்பெனி ஜப்பான்ல ஃபுனாய், அவங்களே 2016 ஜூலையோட நிறுத்திட்டாங்க. இனிமே புதுசு கிடையாது, இருக்குறதுல நல்லத புடிக்கணும்.

கொஞ்சம் வசதி இருந்தா டைம் பேஸ் கரெக்டர், சுருக்கமா டிபிசி, உள்ள இருக்குற கேமராவா பாருங்க. டேப்பு லேசா ஆடி ஆடி ஓடறதால படத்துல நேர் கோடெல்லாம் நெளியும், டிபிசி அத நிமித்திடும். சோனியோட பின்னாடி வந்த ஹை8 மாடல்கள் சிலதுல மெனுவுலயே டிபிசி ஆன்னு இருக்கும். இன்னொரு வழி, பழைய அனலாக் கேசட்டையும் ஓட்டுற டிஜிட்டல்8 கேமரா கெடைச்சா அள்ளிக்குங்க, எல்லா டிஜிட்டல்8-உம் ஓட்டாது, மாடல் பாத்து வாங்கணும். அது கேமராவுக்குள்ளயே டிஜிட்டலா மாத்தி ஃபயர்வயர் வழியா அனுப்பிடும், மணிக்கு 13 ஜிபி கிட்ட ஆகும், கேப்சர் கார்டே வேணாம். ஆனா கம்ப்யூட்டர்ல நெஜமான ஃபயர்வயர் போர்ட் இருக்கணும், இல்ல கார்டு போடணும். ஃபயர்வயர்லேருந்து யூஎஸ்பிக்குன்னு ஒரு குட்டி கனெக்டர் விக்கிறாங்க பாருங்க, அது சும்மா சொருகி அழகு பாக்கத்தான், வீடியோ வராது.

கேபிளும் கார்டும்

மஞ்சள் வீடியோ, வெள்ளை இடது சவுண்டு, செவப்பு வலது சவுண்டு. கேமராவுல எஸ்-வீடியோன்னு 4 பின் உருண்டை சாக்கெட் இருந்தா மஞ்சளுக்கு பதிலா அத போடுங்க, ஹை8-க்கு வித்தியாசம் நல்லாவே தெரியும், கலர் ஓரத்துல ஒழுகாது. சவுண்டுக்கு வெள்ளை, செவப்பு எப்பவும் போல போடணும், எஸ்-வீடியோல சவுண்டு வராது.

சில கேமராவுல ஒரே ஒரு ஹெட்ஃபோன் சாக்கெட் மாதிரிதான் இருக்கும், அதுலேருந்து மூணு கலர் பின் பிரியும். இந்த ஒயரு பாக்க எல்லாம் ஒண்ணா இருக்கும், உள்ள வரிசை கம்பெனிக்கு கம்பெனி மாறும். படம் வராம உர்ருன்னு சத்தம் மட்டும் வந்தா ஒயர மாத்தி சொருகிப் பாருங்க, செவப்பு பின்ன மஞ்சள் சாக்கெட்ல போட்டா படம் வந்துடும் பல சமயம். ஒண்ணும் கெட்டுப் போகாது.

கார்டுன்னா, யூஎஸ்பில சொருகுற குட்டி கேப்சர் கார்டு, சில நூறு ரூபாய்லேருந்து கெடைக்குது. மலிவு கார்டே போதும்னு நான் சொல்வேன், முடிஞ்சா கொஞ்சம் நல்ல பிராண்டு, அவ்ளோதான். ஆனா மஞ்சள் சிவப்பு வெள்ளைய எச்டிஎம்ஐயா மாத்தற வெள்ளை டப்பாவ இதுக்கு வாங்காதீங்க. அது படத்த அகலமா இழுத்து எல்லாரையும் குண்டாக்கிடும், படம் அசையற எடத்துல எல்லாம் சொதப்பும், அந்த சொதப்பல பின்னாடி சரி பண்ண முடியாது.

கார்ட லேப்டாப்ல நேரா சொருகுங்க, ஹப் வேணாம்.

இப்ப கம்ப்யூட்டர்

நான் சொல்றது ஓபிஎஸ் ஸ்டூடியோன்னு ஒரு ரெக்கார்டிங் சாஃப்ட்வேர், ஃப்ரீதான், விண்டோஸ்ல ஓட்டுறதா வச்சுக்குவோம். கார்டு சொருகினதும் விண்டோஸ் செட்டிங்ஸ்ல பிரைவசிக்கு போய் கேமரா, மைக்ரோஃபோன் ரெண்டுக்கும் அனுமதி ஆன்ல இருக்கான்னு பாருங்க. இது ஆஃப்ல இருந்தா சவுண்டு வராது, கார்டு போச்சுன்னு கடைக்காரன்கிட்ட சண்டைக்கு போவோம்.

ஓபிஎஸ்ல செட்டிங்ஸ், வீடியோ. பேஸ் கேன்வாஸ், அவுட்புட் ரெண்டுலயும் 768x576ன்னு டைப் பண்ணுங்க. எஃப்பிஎஸ் 50 பால். நம்ம ஊரு சிஸ்டம் பால், நொடிக்கு 25 ஃபிரேம், ஆனா ஒவ்வொரு ஃபிரேமும் ரெண்டு பாதியா, ஒத்தப்படை வரி ஒரு தடவ, ரெட்டப்படை வரி ஒரு தடவ, மொத்தம் 50 பாதி. இந்த பாதிங்கள சரியா பிரிக்கலன்னாதான் கை வீசினா சீப்பு பல்லு மாதிரி கோடு கோடா தெரியும்.

அடுத்து சோர்ஸஸ்ல பிளஸ் அமுக்கி வீடியோ கேப்சர் டிவைஸ் சேருங்க. ரெசல்யூஷன கஸ்டம்னு வச்சு 720x576, வீடியோ ஃபார்மேட் ஒய்யூஒய்2. கான்ஃபிகர் வீடியோ அமுக்கினா வீடியோ டீகோடர்னு ஒரு பக்கம் (Tab) வரும், அதுல பால்_பி செலக்ட் பண்ணுங்க. அந்த சோர்ஸ் மேல ரைட் கிளிக் பண்ணி டீஇன்டர்லேசிங் போய் யாடிஃப் 2எக்ஸ் வைங்க. படம் முன்ன பின்ன ஆடுற மாதிரி நடுங்குச்சுன்னா அதே மெனுவுல டாப் ஃபீல்ட் ஃபர்ஸ்ட்டுக்கு பதிலா பாட்டம் வச்சு பாருங்க, இல்ல மாத்திப் பாருங்க, ரெண்டுல ஒண்ணு சரியா வரும். அப்புறம் டிரான்ஸ்ஃபார்ம்ல ஸ்ட்ரெச் டு ஸ்கிரீன். இப்ப 4-க்கு 3 சரியான உருவத்துல வந்துடும். பெரிய டிவில பாக்க வசதின்னு 16-க்கு 9 இழுக்குறவங்க இருக்காங்க, ரெண்டு பக்கமும் கருப்பு இருந்தா இருந்துட்டு போகட்டும், தாத்தாவ தட்டையாக்காதீங்க.

அமெரிக்காவுலேருந்து வந்த கேமரான்னா அது என்டிஎஸ்சி. அப்ப கார்டுல என்டிஎஸ்சி_எம், 720x480, கேன்வாஸ் 640x480, எஃப்பிஎஸ் 59.94. தப்பா வச்சீங்கன்னா படம் கருப்பு வெள்ளையா வரும், இல்ல உருண்டுக்கினே இருக்கும்.

சவுண்டுக்கு கார்டோட ஆடியோவ செலக்ட் பண்ணிட்டு, மிக்சர்ல இருக்குற மைக்கையும் டெஸ்க்டாப் ஆடியோவையும் அணைச்சிடுங்க. இல்லன்னா கல்யாண மேளத்துக்கு நடுவுல உங்க வீட்டு ஃபேன் சத்தமும் வாட்ஸ்அப் டிங்கும் பதிவாகும். மீட்டர் செவப்புக்கு போகக்கூடாது. கேமரா மோனோன்னா ஒரு பக்கம்தான் சவுண்டு வரும், அட்வான்ஸ்டு ஆடியோல மோனோ டிக் பண்ணா ரெண்டு பக்கமும் கேக்கும்.

அவுட்புட்ல அட்வான்ஸ்டு மோட், ரெக்கார்டிங் ஃபார்மேட் எம்கேவி, என்கோடர் எக்ஸ்264, ரேட் கண்ட்ரோல் சிஆர்எஃப், நம்பர் 16லேருந்து 18க்குள்ள. நேரா எம்பி4ல ரெக்கார்ட் பண்ணா நடுவுல கரண்ட் கட் ஆகி கம்ப்யூட்டர் அணைஞ்சா மொத்த ஃபைலும் தெறக்காம போற ஆபத்து இருக்கு, எம்கேவில அது வரைக்கும் ஏறினது மிஞ்சும். முடிச்சப்புறம் ஃபைல் மெனுவுல ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்னு இருக்கு, அதுல எம்பி4 ஆக்கிக்கலாம், குவாலிட்டி குறையாது.

இப்ப கேமராவுல டிஸ்ப்ளே பட்டன அமுக்கி கவுண்டர், பேட்டரி படமெல்லாம் மறைச்சிட்டு, ஓபிஎஸ்ல ரெக்கார்ட் முதல்ல, கேமராவுல பிளே அப்புறம். ரெண்டு நிமிஷம் ஏத்தி நிறுத்தி, ஹெட்ஃபோன் போட்டு உதடும் சத்தமும் ஒத்துப் போகுதான்னு பாருங்க. சரின்னா முழுசா விடுங்க. ஒரு மணி நேர டேப்பு ஏற ஒரு மணி நேரம்தான், ஃபாஸ்ட்டா ஏத்த வழியே இல்ல. டூல்ஸ்ல அவுட்புட் டைமர்னு ஒண்ணு இருக்கு, நேரம் வச்சுட்டு நீங்க கடைக்கு போய்ட்டு வரலாம். லேப்டாப்பு ஸ்லீப்புக்கு போகாம வச்சுட்டு போங்க.

படத்தோட அடியில நாலஞ்சு வரி கலைஞ்ச மாதிரி ஓடும், அது பழுது இல்ல, எல்லா டேப்புலயும் உண்டு. பழைய டியூப் டிவி ஓரத்த மறைச்சிடும், அதனால நாம பாத்ததில்ல. பின்னாடி கருப்பு பட்டை போட்டு மறைச்சிக்கலாம்.

இதுக்கு மேல குவாலிட்டி வேணும்னா விர்ச்சுவல்டப்னு ஒரு சாஃப்ட்வேர்ல ஹஃப்ஒய்யூவி மாதிரி லாஸ்லெஸ், அதாவது குவாலிட்டி குறையாத கோடெக் வச்சு, அந்த பாதி பாதி வரிய பிரிக்காம இன்டர்லேஸ்டாவே ஏத்தி வச்சுக்குவாங்க, மணிக்கு 30 ஜிபி கிட்ட போகும். ஒரே ஒரு கேசட்டு, ரொம்ப முக்கியமானதுன்னா அது நல்ல வழி. பத்து பதினஞ்சு கேசட்டு இருக்குறவங்களுக்கு ஓபிஎஸ் போதும்.

ஏத்துனப்புறம்

கேசட்டு மேல கையால எழுதின லேபிள போன்ல ஒரு போட்டோ எடுத்து வீடியோ ஃபைல் கூடவே போடுங்க. ஃபைல் பேர வருஷத்துல ஆரம்பிச்சா தேட ஈசி. பென்டிரைவ்ல போடும்போது 4 ஜிபிக்கு மேல ஏறலன்னா அது ஃபேட்32ல இருக்கு, எக்ஸ்ஃபேட்டா ஃபார்மேட் பண்ணுங்க, ஆனா ஃபார்மேட் பண்ணா உள்ள இருக்குறது அழியும். சொந்தக்காரங்களுக்கு வாட்ஸ்அப்ல வீடியோவா அனுப்பாதீங்க, நசுக்கிடும், டாக்குமெண்ட்டா அனுப்புங்க, 2 ஜிபி வரைக்கும் போகும். ஒரு காப்பி லேப்டாப்ல, ஒண்ணு வெளி ஹார்ட் டிஸ்க்ல, ஒண்ணு வேற ஊர்ல இருக்குற தம்பி வீட்லயோ தங்கச்சி வீட்லயோ.

இவ்ளோ வேலை நம்மால ஆகாதுன்னு ஸ்டூடியோல குடுக்குறவங்க ஒண்ணு மட்டும் கேளுங்க, "டிவிடி வேணாம், பெரிய சைஸ் எம்பி4 ஃபைலா பென்டிரைவ்ல குடுங்க, படத்த இழுக்காம 4-க்கு 3லயே குடுங்க". இத சொன்னா ஒருத்தர் சரின்னுவார், ஒருத்தர் முழிப்பார், முழிக்கிறவர்கிட்ட குடுக்காதீங்க.

ஒரிஜினல் கேசட்ட தூக்கிப் போடாதீங்க, நாளைக்கு நல்ல மிஷின் கெடைச்சா இன்னொரு தடவ ஏத்தலாம். முழுசா ரீவைண்ட் பண்ணி, புத்தகம் மாதிரி நிக்க வச்சு, சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட மூடி இருக்குற டப்பாவுல போடுங்க. மொட்டை மாடிக்கு அடியில இருக்குற லாஃப்ட் வெயில்ல கொதிக்கும், அங்க வேணாம். கட்டிலுக்கு அடியிலயும் வேணாம், 2015லயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் நம்ம பக்கம் தண்ணி எது வரைக்கும் வந்துதுன்னு உங்களுக்கே தெரியும், அதுக்கு மேல ஒரு தட்டுல வைங்க. ஏற்கெனவே வெள்ளத்துல நனைஞ்ச கேசட்டு இருந்தா வெயில்லயோ ஹேர் டிரையர்லயோ காய வைக்காதீங்க, சாக்கடைத் தண்ணி பட்டிருந்தா டிஸ்டில்டு வாட்டர்ல அலசி ஃபேன் காத்துல பல நாள் வச்சு காய வைக்கணும், உள்ள ஈரம் இருக்குற வரைக்கும் எந்த மிஷின்லயும் போடக்கூடாது, அதையும் அந்த பூஞ்சை கேசட்டுங்களோட சேத்து டேப் கிளீன் பண்றவங்ககிட்டயே குடுத்துடுங்க.